பிடிபடாத ஆட்கள்

கேள்வி: ஓய்வு நாட்களில் கமராவோடு தேயிலைத் தோட்டப்பக்கம் போகிறேன். அன்றாடக் காட்சிகளை இயல்பாகப் பிடிக்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் பனி எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடுகிறது. பனி விலகினாலோ, கமராவைக் கண்டதும் ஆட்கள் விறைத்து நிற்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், ஹட்டன்)

பதில்: பனியை முதலில் அனுப்பிவைக்கிறேன். வெள்ளையாக எதைக் கண்டாலும் கமராவின் ஒளிமானி அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி எடுங்கள், பனி வெளுத்துவிடும். இதற்கு மேல் கமரா விற்பவரிடம் கேளுங்கள். அவர் இன்னொரு லென்ஸை உங்கள் தலையில் கட்டுவார்.

என் கண் போனது உங்கள் ‘பிடிக்க’வில். நாம் பஸ் பிடிக்கிறோம், கோழி பிடிக்கிறோம், காரியம் ஆக வேண்டுமென்றால் காலையும் பிடிக்கிறோம். படத்தையும் அந்தக் கையாலேயே பிடிக்கிறோம். ஆனால் மலையகத்தில் இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். கங்காணி தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய் ‘ஆள் பிடித்து’த்தான் நம் பூட்டன்மாரைக் கொண்டுவந்தான். அவன் கையில் இருந்தது கமரா அல்ல, முன்பணம். வந்தவர்களைக் கடன் பிடித்துக்கொண்டது.

பிறகு அரசாங்கம் பிடித்தது. 1948இல் பிரஜாவுரிமை போயிற்று. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொழுந்து நிறுப்பது போலவே நிறுத்தார்கள். அந்த விண்ணப்பங்களுக்காகத்தான் என் அப்பாயி முதன்முதலில் கமரா முன் உட்கார்ந்தாள். “அசையாதே” என்றாராம் ஸ்டூடியோக்காரர். அன்றிலிருந்து கடைசி வரை, கல்யாண வீட்டில் கமராவைக் கண்டாலும் மூச்சை அடக்கிக்கொள்வாள். உங்கள் முன் விறைத்து நிற்பவர்கள் அவளுடைய பேத்திமார். கூச்சம் என்று நினைத்துவிட்டீர்களா?

பேச்சுக் கொடுங்கள், ஆனால் மாலை நிறுவை முடிந்த பிறகு. மலையில் நின்று உங்களுக்காகப் பத்து நிமிடம் சிரித்தால் கூடையில் கொழுந்து குறையும், குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். அந்தச் சிரிப்பை அச்சிடும் நாட்காட்டிக்காரர் மட்டும் முழுப்பேர் வாங்கிக்கொள்வார். நாட்காட்டிச் சிரிப்பு எனக்குப் பழைய பகை. சம்பள நாளில் கடைவாசலில் நின்று விரல்விட்டுக் கணக்குப் பார்க்கும் ஒரு பெண்ணின் படத்தை ஒருமுறை நம் இதழின் அட்டையில் போட்டேன். “சிரிக்கிற ஆள் கிடைக்கவில்லையா?” என்று கேட்ட அட்டை வடிவமைப்பாளர் இன்றும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆள் பிடிக்க முடியாதவர்கள் தெமோதரைக்குப் போய் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பிடிக்கிறார்கள். 1921இல் கட்டிய பாலம் வாரந்தோறும் என் மேசைக்கு வருகிறது. ரயிலோடு வந்தால் அனுப்பியவர் அதிர்ஷ்டசாலி, ரயில் இல்லாமல் வந்தால் அவசரக்காரர்.

உங்கள் தொழில்முன்னோடி ஒருவர் பக்கத்திலேயே, பொகவந்தலாவையில் படுத்திருக்கிறார். ஜூலியா மார்கரெட் கேமரன். பெயரிலேயே பாதிக் கமரா. 48 வயதில் மகள் பரிசளித்த கமராவோடு தொடங்கியவர். படம் தெளிவாக இல்லை என்று லண்டன் விமர்சகர்கள் கரித்துக்கொட்டினார்கள். பனிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு! கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள். 1875இல் வந்தார், 1879இல் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இறந்தார். ஆங்கிலக் கவிஞர் டென்னிசனைப் பிடித்த படத்தில் டென்னிசன் என்று இருக்கிறது. களுத்துறையில் அவர் பிடித்த நம் ஊர்க்காரர்கள் ‘குடியானவர் கூட்டம்’. நீங்களாவது பெயரைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பெயரில்லாத படத்தை நான் போடுவதில்லை, பாலத்தைத் தவிர.

அவருடைய கல்லறையைப் படம் பிடிக்க நானும் ஒருமுறை போயிருக்கிறேன். நோர்வூட் வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஈரப்புல்லில் முழந்தாளிட்டு, கோணம் கோணமாக 36 படம். சுருளைக் கழுவிய ஸ்டூடியோக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. “ஐயா, அன்றைக்குப் பனி அதிகமோ?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.