பஸ் நேரப் பலகை புரோகிராமில் 'இடம் போதாது' என்று ஜிசிசி (சி மொழிக் கம்பைலர்) எச்சரிக்கிறது. ஊர்ப்பெயர் 40 பைட் அணியிலிருந்து எஸ்என்பிரிண்ட்எஃப் (இட அளவு சொல்லி எழுதும் ஃபங்ஷன்) வழியாக 20 பைட் அணிக்குப் போகிறது. தக்கலை சரியாக வருகிறது, நாகர்கோவில் உடைகிறது. எச்சரிக்கையை அணைத்துவிடலாமா?

அணைக்காதீர்கள். "39 பைட் வரை வரலாம், இருக்கும் இடம் 20" என்று அது சொல்வது உண்மை.

யூடிஎஃப்-8இல் (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனிக் குறியீடுகள். தக்கலையில் 6 குறியீடு: 18 பைட், பெயர் முடிந்தது என்று காட்டக் கடைசியில் வரும் சுழி பைட்டோடு 19. அதனால்தான் தப்பித்தது. நாகர்கோவிலுக்கு 11 குறியீடு, சுழியோடு 34. 20 பைட்டில் 'நாகர்க' வரை 18 போக, ஓகாரக் குறியின் முதல் பைட் மட்டும் உள்ளே வந்து நிற்கிறது. பலகையில் தெரியும் சிதைந்த குறி அதுதான்.

மார்த்தாண்டத்துக்கு 13 குறியீடு, சுழியோடு 40. உங்கள் மூல அணியே அதோடு நிரம்பிவிடுகிறது. சில கோப்புகளில் ஓகாரம் இரண்டு குறியீடாகப் பிரிந்து கிடக்கும். கொல்லங்கோட்டில் ஒகரமும் ஓகாரமும் அப்படிப் பிரிந்தால் 6 பைட் கூடும். ஆகவே 64 என்று ஒரே மாறிலி வைத்து இரண்டு அணிகளுக்கும் அதையே கொடுங்கள். அளவுக்கு சைஸ்ஆஃப் (அணியின் பைட் அளவைத் தருவது) போடுவது நல்லது. ஆனால் அணியை ஃபங்ஷனுக்கு அனுப்பிய பிறகு அங்கே அது பாயிண்டர் (முகவரி மட்டும்). 64 பிட் கணினியில் 8 என்றுதான் வரும். அளவைத் தனியாக அனுப்புங்கள்.

எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பித் தரும் எண், முழுசாக எழுத எத்தனை பைட் வேண்டும் என்பது (சுழி நீங்கலாக). அது அணியின் அளவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது. எதிர்மறை என்றால் பிழை. இந்த எண்ணைச் சோதித்தாலே டபிள்யூஆல் (எச்சரிக்கைகளை இயக்கும் கம்பைலர் தேர்வு) தரும் வெட்டு எச்சரிக்கை பெரும்பாலும் நின்றுவிடும். எஸ்டிஆர்என்சிபிஒய் என்ற நகலெடுக்கும் ஃபங்ஷனுக்கு மாற வேண்டாம், இடம் நிரம்பினால் அது சுழியே வைக்காது.

தேதிக்கு 11 பைட் வைத்தும் எச்சரித்தால், ஒவ்வோர் இன்ட்டும் (முழு எண்) கழித்தல் குறியோடு 11 எழுத்து வரை போகலாம் என்று ஜிசிசி கணக்குப் போடுகிறது: மூன்று எண், இரண்டு கோடு, சுழி, மொத்தம் 36. நாளையும் மாதத்தையும் 100ஆலும் ஆண்டை 10000ஆலும் வகுத்த மீதியாக, அன்சைன்டில் (எதிர்மறை இல்லாத வகை) கொடுத்து ஓ2 (கம்பைலரின் மேம்படுத்தும் தேர்வு) போட்டுக் கம்பைல் செய்யுங்கள். 11 போதும்.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், மூலத்தில் உள்ளே வராமல் போன முதல் பைட்டைப் பாருங்கள். அது 128 முதல் 191க்குள் இருக்கும்வரை பின்னால் வந்து, நின்ற இடத்தில் சுழி வையுங்கள். அன்சைன்ட் கேராக (0 முதல் 255 வரை கொள்ளும் ஒரு பைட் வகை) மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் சாதாரண பிசியில் அந்த பைட் எதிர்மறையாகவே வரும், சோதனை ஒருபோதும் பலிக்காது.