பன்னிரண்டாவது தொட்டி

கேள்வி: ஒன்பது வருடமாக டோக்கியோவில், நிஷி-கசாய் பகுதியில் இருக்கிறோம். கணவர் ஐ.டி.யில். ஏழு வயது மகன் இங்குள்ள அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறான். உயேனோவில் சகுராப் பூ, கமேய்தோ கோயிலில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் ஃபுஜிப் பூ, ஜூலையில் இரியாவில் அசகாவோ பூச் சந்தை என்று எதையும் நான் விடுவதில்லை. பால்கனியில் மல்லிகை, கறிவேப்பிலை, துளசி என்று பதினோரு தொட்டி வைத்திருக்கிறேன். மகனுக்கோ எதிலும் ஒட்டுதல் இல்லை. தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் வருகிறது. பொங்கல் விழாவுக்கு வர மறுத்தான். மல்லிகை பூத்திருக்கிறது, வந்து பார் என்றால் "அது உன் பூ" என்கிறான். பொறுப்பும் இல்லை. கோடை விடுமுறைக்குப் பள்ளியிலிருந்து ஏதோ கொடி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். இடமில்லாமல் ஏசியின் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் வைத்தோம். மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் காய்ந்து கிடந்தது. ஒரு நாள் அழுதான், அப்புறம் மறந்துவிட்டான். நல்லவேளை, மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் பாட்டில் கவிழ்த்து வைத்திருந்தேன். நம் பண்பாட்டை இவனுக்கு எப்படி ஊட்டுவது?

— பெயர் வேண்டாம், டோக்கியோ

பதில்: பண்பாட்டை ஊட்டுவது எப்படி என்று துபாயிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் மாதத்துக்கு இரண்டு கடிதமாவது வந்துவிடும். "கவலைப்படாதீர்கள், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று எழுதி எனக்கே சலித்துவிட்டது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. "ஏதோ கொடி."

என் அண்ணன் மகள் யோகோஹாமாவில் இருந்தபோது ஒரு கோடை முழுக்க அங்கே தங்கியிருந்தேன். அவள் பெண் அப்போது ஒன்றாம் வகுப்பு. அந்த வகுப்பில் மே மாதம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் தொட்டி கொடுப்பார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அசகாவோ, அதாவது 'மார்னிங் குளோரி' கொடியின் விதைதான். விரலால் குழி போட்டு விதைக்க வேண்டும், தினமும் காலையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும். முதலில் வரும் ஜோடி இலை வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல நடுவில் பிளந்திருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துத் தாளில் வரைய வேண்டும். ஜூலையில் விடுமுறை விடும் சமயத்தில் தொட்டி வீட்டுக்கு வரும். அந்தப் பெண் காலை ஐந்தரைக்கே எழுந்து பால்கனிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "பாட்டி, இன்னைக்கு நாலு!" என்று கத்தும். வெயில் ஏறினால் சுருங்கிவிடுகிற பூ அது. பெயருக்கே 'காலை முகம்' என்றுதான் பொருள். சுருங்கிய பூக்களைப் பையில் தண்ணீரோடு போட்டுக் கசக்கி, அந்த ஊதாச் சாயத்தை என் முந்தானையில் கொட்டியதும் உண்டு. அவள் என்னிடம் பேசிய தமிழில் முக்கால்வாசி அந்தத் தொட்டியைச் சுற்றித்தான்.

இரியாவில் ஜூலை 6 முதல் 8 வரை நீங்கள் ரசித்துப் பார்த்தீர்களே, அதே பூ. கடைக்காரர் மூங்கில் வளையத்தில் படரவிட்டு வைத்திருந்தால் அசகாவோ, பிள்ளை தூக்கி வந்தால் ஏதோ கொடியா?

பால்கனி குறுகல், தெரியும். பக்கத்து வீட்டுத் தடுப்பை அடைத்துத் தொட்டி வைக்கக் கூடாது, ஆபத்தென்றால் அதை உடைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும் என்பதும் தெரியும். பதினோரு தொட்டிக்குக் கிடைத்த இடம் பன்னிரண்டாவதற்கு மட்டும் கிடைக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்வரை ஏசியின் அனல்காற்று, கிளம்பிய பின் ஆகஸ்ட் வெயில். மல்லிகைக்கு ஒரு பாட்டில், கறிவேப்பிலைக்கு ஒரு பாட்டில். மூன்றாவது பாட்டில் எங்கே அம்மா? தெருமுனைக்குத் தெருமுனை தானியங்கி இயந்திரத்தில் பாட்டில் விற்கிற ஊர் அது.

மறந்துவிட்டான் என்கிறீர்கள். செப்டம்பரில் மற்ற பிள்ளைகள் விதை பிடித்த கொடியோடு பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள். காய்ந்த கொடியை வளையமாகச் சுற்றிக் கிறிஸ்துமஸுக்கு அலங்காரம் செய்வார்கள். அடுத்து வரும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கென்று விதையைக் காகித உறையில் போட்டு வைக்கிற வழக்கமும் பல பள்ளிகளில் உண்டு. இத்தனைக்கும் நடுவில் உங்கள் மகன் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தால் எப்படி மறப்பான்? "அது உன் பூ" என்று அவன் கணக்கு வைத்துத்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்கா பொறுப்பில்லை? ஏழு வயதுப் பிள்ளையா விமான டிக்கெட் போட்டது?

நான் பழைய ஆள்தான். பிள்ளை பெற்றவர் சொல் கேட்க வேண்டும், தாய்மொழி பேச வேண்டும், பொங்கலன்று வீட்டோடு நிற்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பிள்ளையின் பொருளைத் தன் பொருள்போல் காப்பது பெற்றவர்களின் கடமை. அதில் தவறிவிட்டு அவனுக்குக் கடமை கற்பிக்கக் கிளம்பினால் எனக்குக் கோபம் வருகிறது. (உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் 'ஐ.டி.யில்' என்பதோடு காணாமல் போய்விட்டார். பாட்டில் கவிழ்க்க அவருக்கும் கை இருக்கிறது.)

முதலில் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளையிடம் பெரியவர்கள் கேட்கலாமா என்று யோசிக்க வேண்டாம். "கண்ணா, உன் அசகாவோவை நான்தான் காயவிட்டுட்டேன்" என்று தமிழிலேயே சொல்லுங்கள். புரியும்.

அப்புறம், மே மாதம் விதை வாங்கி ராத்திரி டம்ளர் தண்ணீரில் அவனையே ஊறவைக்கச் சொல்லுங்கள். தோல் கெட்டியான விதை. ராத்திரியில் விளக்கு வெளிச்சம் படாத பக்கமாகத் தொட்டியை வையுங்கள், நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டு கட்டும். பூத்தால் எத்தனை என்று தமிழில் எண்ணச் சொல்லுங்கள். பதினொன்றுக்கு மேல் தடுமாறினால் அங்கேயே திருத்த வேண்டாம். பொங்கல் விழா அடுத்த வருடமும் வரும்.

ஏப்ரலில் அவன் இரண்டாம் வகுப்பு. அந்த வகுப்பில் தக்காளி, வெள்ளரி என்று காய்கறி வளர்ப்பார்கள், அந்தத் தொட்டியும் ஜூலையில் வீட்டுக்கு வரலாம். மல்லிகை நிற்கிற நல்ல வெயில் இடத்தை இப்போதே காலி செய்து வையுங்கள். எடுத்துவர நீங்களே பள்ளிக்குப் போங்கள். சைக்கிள் கூடையில் வைத்தால் கிளை ஒடியும். கையில் தூக்கிக்கொண்டு அவனோடு நடந்தே வாருங்கள்.