டி.வி.யா, ராமேஸ்வரமா?

கேள்வி: தீபாவளி போனஸ் வருதுக்கா. வீட்டுல இருக்கிற 32 இஞ்ச் டி.வி. நல்லாத்தான் ஓடுது. 55 இஞ்ச் வாங்கியே ஆகணும்னு நிக்கிறார் வீட்டுக்காரர். அத்தைக்கு ராமேஸ்வரம் பார்க்கலையேன்னு ரொம்ப நாள் குறை. "டூர் போனா ரெண்டே நாள்ல காசு கரைஞ்சிடும், டி.வி. பத்து வருஷம் நிக்கும்"ங்கிறார். என்ன பதில் சொல்ல?
- வாசகி, ஈரோடு

பதில்: டி.வி. நிக்கும் கண்ணு, அதைப் பார்க்கிற சந்தோஷம் பொங்கல் வரைக்குமாவது நிக்குமான்னு கேளுங்க. பொருள் வாங்கினதைவிட அனுபவத்துக்குச் செலவழிச்சதுதான் அதிக சந்தோஷம் தந்துச்சுன்னு பலரும் சொன்னதா, 2003-லயே வான் போவன், கிலோவிச்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதியிருக்காங்க. இதை வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. ஆராய்ச்சியைக் காட்டிப் புருஷனை ஜெயிச்சவ எவளும் இல்லை.

அத்தையோட முழங்காலைக் காட்டுங்க. டி.வி. அடுத்த வருஷமும் கடையில இருக்கும். கோயிலுக்குள்ள 22 தீர்த்தம். ஒவ்வொண்ணுலயும் வாளியில இறைச்சுத் தலையில ஊத்துவாங்க, நடக்கிற வழியெல்லாம் ஈரம், வழுக்கும். இப்போ உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்துடுவாங்க. இன்னும் நாலு வருஷம் போனா?

வீட்டுக்காரரை இழுக்கவும் வழி இருக்கு. 1914-ல திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்துல, 2025-ல புது ரயில் பாலம் திறந்தாச்சு. கப்பல் வந்தா நடுப்பகுதி அப்படியே மேலே ஏறும். மெஷின்னு சொன்னாப் போதும், முதல் ஆளா டிக்கெட் போடுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில வேண்டாம், தையில போங்க. தை அமாவாசைக் கூட்டத்தை மட்டும் தவிர்த்துடுங்க. மாத்துத் துணி கையோட இருக்கட்டும்.

ஒண்ணு, உங்க வீட்டுல கிரைண்டரே இல்லாம அத்தை இன்னும் ஆட்டுக்கல்லுல மாவாட்டிட்டு இருந்தா, ராமேஸ்வரம் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். இடுப்பொடிய வேலை செய்யிறவங்ககிட்டப் போய் 'அனுபவம் சேருங்க'ன்னு சொல்றது அநியாயம்.

கேள்வி: அப்போ நகை வாங்கறதும் வீண்தானா?
- வாசகி, சேலம்

பதில்: யார் சொன்னது? ஆஸ்பத்திரிச் செலவு வந்தா ஊட்டியில எடுத்த போட்டோவையா அடகு வைப்பீங்க? ஆத்திர அவசரத்துக்கு நாலு பவுன் இருக்கட்டும். கல்லு வெச்ச ஆரம்தான் வேண்டாம். செய்கூலி, சேதாரம்னு கொட்டிக் கொடுத்ததெல்லாம் விற்கப் போறப்ப கணக்குலயே வராது. தங்கக் காசா வாங்குங்க.