வெளிநாட்டு ஃப்ரீலான்ஸ் வருமானத்தை நம் ஊர் வங்கிக் கணக்குக்குக் கொண்டுவர நல்ல வழி எது?

ஆறு வருடமாக மதுரையில் வீட்டிலிருந்தே அமெரிக்க கிளையண்டுகளுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். "எதில் கட்டணம் குறைவு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, டாலரை என்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான்.

1000 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள். அன்றைய சந்தை விலை 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்விஃப்ட் (நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் அமைப்பு) வழியாக வரும்போது நடுவில் உள்ள வங்கி 20 டாலர் எடுத்துக்கொள்கிறது. உங்கள் வங்கி மீதி 980 டாலரை 83.50 என்று கணக்குப் போடுகிறது. பிடித்தங்களுக்கு முன்பே அது 81,830 ரூபாய்தான். 3,170 ரூபாய் போய்விட்டது. ஆனால் ஸ்லிப்பில் பிடித்தம் என்று தெரிவது, பணமாற்றத்துக்கான ஜிஎஸ்டி 147 ரூபாயும் வங்கியின் சின்னக் கட்டணமும் மட்டுமே.

அதனால் பணம் வருவதற்கு முன்பே கிளையில் "இன்றைக்கு டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) பையிங் ரேட் என்ன?" என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் டாலரை வங்கி நம்மிடம் வாங்கும் விலை அது. மாதாமாதம் பணம் வருகிறது என்றால் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லியும் கேட்கலாம், தருகிறார்கள். சின்னச் சின்னத் தொகையாக வாங்காமல் சேர்த்து வாங்குங்கள். பேயோனியர் போன்ற ஆன்லைன் பணப் பரிமாற்றச் சேவையில் அமெரிக்க வங்கிக் கணக்கு விவரமே கிடைக்கும். கிளையண்ட் அங்கே உள்ளூர் டிரான்ஸ்ஃபராகப் போட்டுவிடுவார், நடு வங்கியின் வெட்டு இல்லை. அங்கேயும் மாற்று விலையைப் பார்த்துவிட்டே சேருங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஃபாரத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் வேறு எதையோ நிரப்பியிருப்போம். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பணம் நின்றுவிடும். முதல் இன்வாய்ஸுக்கு முன்பே பாஸ்புக்கை பான் கார்டுக்கு ஏற்ப மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பர்ப்பஸ் கோடு. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எதற்காக வந்தது என்பதற்கு ரிசர்வ் வங்கி வகுத்த எண் அது. சாஃப்ட்வேர் ஆலோசனை வேலைக்கு பி0802. என் முதல் பணம் வந்தபோது எனக்கு இது தெரியாது, கிளையிலும் யாரும் கேட்கவில்லை. அட்வைஸ் தாளை (வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி தரும் விவரத் தாள்) வாங்கிப் பார்த்தால் பி1301, அதாவது குடும்பப் பராமரிப்புக்கு உறவினர் அனுப்பிய பணம் என்று பதிவாகியிருந்தது. ராத்திரி பகலாக உழைத்த காசு! அதைத் திருத்த மூன்று வாரம் அலைந்தேன். கவுண்டரில் இருந்த மேடம் கடைசியில் சொன்னார்: "தம்பி, இனிமே பணம் வர்றதுக்கு முன்னாடியே இன்வாய்ஸோட ஒரு மெயில் போட்டுடுங்க." இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

அந்த அட்வைஸ் தாளை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி, இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள். ஏற்றுமதி வருமானம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு செய்தவர்கள் எல்யூடி (ஜிஎஸ்டி தளத்தில் கொடுக்கும் உறுதிமொழிக் கடிதம்) தாக்கல் செய்துவிட்டால், வெளிநாட்டுக்குச் செய்யும் வேலைக்கு வரி கட்டாமலே பில் போடலாம். அது அந்த நிதியாண்டுக்கு மட்டும்தான் செல்லும், ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகப் போட வேண்டும்.