லாஸன் எரிமலைப் பூங்கா: நண்பர்களோடு ஒரு நாள்

வட கலிஃபோர்னியாவில் உள்ள லாஸன் எரிமலைத் தேசியப் பூங்காவுக்கு ஜூலைக் கடைசியில் போகலாம் என்று பலர் சொல்லியிருந்தீர்கள். நான் நிலவியல் படித்தவன், கோடைதோறும் அங்கே போகிறவன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம், ஃப்ரீமாண்ட்): நாங்க ஆறு பேர். காலைல கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துடலாமா அண்ணா?

வரலாம், ஆனால் வேண்டாம். போகவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலெல்லாம் நடந்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் அவ்வளவு தூரம் ஓட்டக்கூடாது. முந்தின ராத்திரியே ரெட் பிளஃபில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து தெற்கு வாசல் ஒரு மணி நேரம். தெற்கே நுழைந்து வடக்கே ரெட்டிங் பக்கம் வெளியே வாருங்கள். உள்சாலை சுமார் 48 கிலோமீட்டர்தான். இன்னும் பக்கத்தில் இருக்கும் சாக்ரமென்டோக்காரர்கள் மட்டும் அன்றே போய்த் திரும்பலாம்.

கேள்வி: சேறும் தண்ணியும் கொதிக்கிற 'பம்பஸ் ஹெல்'ங்கிற இடம்தான் அங்க முக்கியமாமே. ஏன் 'நரகம்'னு பேரு?

'பம்பஸ்' என்பது கெண்டல் பம்பஸ் என்ற மனிதரின் பெயர். 1860-களில் இந்த இடத்தைக் கண்டு வெளியே சொன்னவர் அவர்தான். அடுத்த முறை மற்றவர்களுக்குக் காட்ட அழைத்துப் போனபோது, கெட்டித் தரை என்று நம்பி வைத்த கால் மேலோட்டை உடைத்துக்கொண்டு கொதிக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. வெந்துபோன காலைக் கடைசியில் எடுக்க வேண்டியதாயிற்று. இடம் தெரிந்தவருக்கே இந்தக் கதி.

இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அடியிலிருந்து வரும் ஆவியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. மேலே காற்றுப்பட்டதும் அது கந்தக அமிலமாகி, பாறையை அரித்துக் களிமண் ஆக்கிவிடுகிறது. வெள்ளை, மஞ்சள், செங்காவி என்று அழகாகத் தெரிவதெல்லாம் அப்படி வெந்து நைந்த பாறைதான். மேலே காய்ந்து ஓடுபோல இருக்கும், கீழே கொதிக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. போன வருஷம் எங்களோடு வந்த தம்பி ஒருவன், காற்றில் பறந்த தொப்பியை எடுக்கப் பலகைப் பாதையை விட்டு ஒரு காலை இறக்கினான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். குரூப் போட்டோவுக்காக ஒரு அடிகூட இறங்காதீர்கள்.

நடை போக 2.4, வர 2.4 கிலோமீட்டர். கார் நிறுத்துமிடமே 2,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சு வாங்கும், மெதுவாகப் போங்கள்.

கேள்வி: யெல்லோஸ்டோன் மாதிரி பீச்சி அடிக்கிற ஊற்று இருக்கா?

இல்லை. இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அடியில் நிற்கிறது, தட்டுக்கு வருவது ஆவி மட்டும். லாஸனிலும் அப்படித்தான். உருகிய பனியும் மழையும் ஆழத்துக்கு இறங்கி, சூடான பாறையில் பட்டுக் கொதிக்கின்றன. மேலே வருவது பெரும்பாலும் ஆவி. அது மேல்மட்டத்துத் தண்ணீரில் புகுந்தால் கொதிக்கும் குட்டை, களிமண்ணில் புகுந்தால் சேற்றுக் குழி, நேரே வெளிவந்தால் சீறும் ஆவித்துளை. பம்பஸ் ஹெல்லின் 'பிக் பாய்லர்' ஆவித்துளையில் 161 டிகிரி செல்சியஸ் வரை அளந்திருக்கிறார்கள். அதன் இரைச்சலைக் கேட்கவே அவ்வளவு தூரம் நடக்கலாம்.

கேள்வி: இமாச்சலத்து மணிகரண்ல துணியில அரிசி கட்டி வெந்நீர் ஊற்றுல வேகவைப்பாங்க. இங்க முட்டையாவது அவிக்கலாமா சார்?

கூடாது. சட்டமும் விடாது, தண்ணீரும் விடாது. இங்கே இருப்பது அமிலம்.

கேள்வி: அம்மாவும் வர்றாங்க. 68 வயசு, மூட்டு வலி. அவங்க காரிலேயே உட்கார்ந்திருக்கணுமா?

வேண்டவே வேண்டாம். தெற்கு வாசல் தாண்டியதும் 'சல்ஃபர் வொர்க்ஸ்' வரும். கொப்பளிக்கும் சேற்றுக் குழி சாலையோரத்திலேயே இருக்கிறது. பத்தடி நடந்தால் போதும். அழுகின முட்டை நாற்றம் தூக்கும். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் கையில் இருக்கட்டும், நெடுநேரம் நிற்க வேண்டாம். வெள்ளிக் கொலுசைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், அந்த வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

கேள்வி: எரிமலை இப்ப வெடிச்சுட்டா?

1914 மே மாதம் குமுறத் தொடங்கி, 1915 மே 22 அன்று பெரிதாக வெடித்தது. 1917 வரை புகைந்தது. பெரிதாக வெடித்த அடுத்த ஆண்டே, 1916-இல், தேசியப் பூங்கா ஆயிற்று. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் நில அதிர்வு, வாயு, தரை வீக்கம் எல்லாவற்றையும் கண்காணிக்கிறது. தைரியமாகப் போங்கள்.

கேள்வி: ஜூன்ல போனா கூட்டம் குறைவா இருக்குமா?

குறைவாக இருக்கும், ஆனால் பனியால் சாலையே மூடியிருக்கலாம். பம்பஸ் ஹெல் பாதை திறக்கச் சில வருஷம் ஜூலை நடுவாகிவிடுகிறது. கிளம்புமுன் பூங்காவின் சாலை நிலவரத்தைப் பாருங்கள்.

கேள்வி: சாப்பாடு?

கட்டுச்சோறுதான். புளியோதரை, தயிர்சாதம் எதுவானாலும் ஹெலன் ஏரிக்கரையில் வைத்துச் சாப்பிடலாம். கரடி நடமாட்டம் உள்ள இடம், பருக்கை சிந்தாமல் எடுத்து வாருங்கள். காருக்குப் பெட்ரோலை ரெட் பிளஃபிலேயே நிரப்புங்கள். மேப்பைப் போனில் முன்னாடியே இறக்கி வையுங்கள், பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

கேள்வி: கடைசியா எங்க நிக்கலாம்?

வடக்கு வாசல் பக்கம், மான்சனிட்டா ஏரி. வழியில் 'டெவஸ்டேட்டட் ஏரியா'வில் இறங்கி, 1915-இல் மலையிலிருந்து உருண்டு வந்த பாறைகளைப் பாருங்கள். பிறகு ஏரிக்கு அருகிலுள்ள லூமிஸ் அருங்காட்சியகம். பெஞ்சமின் லூமிஸ் என்பவர் 1914-இல் மலை குமுறியபோது எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. அவற்றைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்தால், காற்றில்லாத மாலையில் அதே மலை தண்ணீரில் தலைகீழாக நிற்கும். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், வெயில் இறங்கியதும் குளிர் பிடித்துவிடும்.