வாசகர் கேள்வி பதில்: மாத்திரை டப்பாவும் அம்மை போட்ட தெருவும்

குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் நீளும். முதல் சில மாதங்கள் வார்டும் ஊசியுமாக ஓடிவிடும். மீதிக் காலம் பெரும்பாலும் வீட்டில்தான். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் அந்த வீட்டுக் காலத்தைப் பற்றியவை. குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவின் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் பதில் தருகிறார்கள்.

என் மகனுக்கு 6 வயது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம், இப்போது மெயின்டனன்ஸ் (நோய் திரும்பாமல் இருக்க வீட்டில் மாத்திரை கொடுக்கும் கட்டம்). நானும் கணவரும் வேலைக்குப் போவதால் மாத்திரை கொடுப்பது என் மாமியார். இரண்டு மாத்திரையும் மஞ்சளாக இருக்கிறது, குழம்பிப் போகிறார். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துக் கொடுக்கலாமா?
— திருப்பாதிரிப்புலியூர் வாசகி

சேர்த்துக் கொடுக்கக் கூடாது. விட்டது விட்டதாகவே இருக்கட்டும். நோட்டில் தேதி போட்டு எழுதி, அடுத்த ஓ.பி.யில் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கவலை தருவது அந்தக் குழப்பம்தான். மெர்காப்டோப்யூரின் தினமும் கொடுப்பது. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். பின்னதைத் தவறிப்போய் தினமும் கொடுத்தால் சில நாளிலேயே வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் அடியோடு இறங்கும், உயிருக்கே ஆபத்தாகும். அதனால் இரண்டும் ஒரே டப்பாவில் இருக்கவே கூடாது. வாராந்திர மாத்திரையைத் தனி டப்பாவில் போட்டு, சிவப்புத் துணி சுற்றி, பீரோவில் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழமையில் அதை நீங்களே கொடுங்கள். தினசரி மாத்திரையையும் இரவுக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், பெரும்பாலும் முடியும். மாமியாருக்கும் பாரம் குறையும்.

கடையில் வாங்கினால் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்காமல் நகராதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மில்லிகிராமிலும் வருகிறது, 10 மில்லிகிராமிலும் வருகிறது. சீட்டில் 2.5 மாத்திரை ஆறு என்று இருக்க, கடைக்காரர் 10-ஐக் கொடுத்துவிட்டால் 15 மில்லிகிராம் போக வேண்டிய இடத்தில் 60 போய்விடும். இதை மறுபடி பார்க்க வேறு யாரும் இல்லை, நீங்கள்தான்.

பாதி மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தால் மாத்திரை வெட்டுவதற்கென்றே விற்கும் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பங்கரைக் கத்தியும் அம்மியும் வேண்டாம். கையுறை போடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் நீங்களாக இன்னொன்று கொடுக்காமல் வார்டுக்கு போன் செய்யுங்கள்.

இன்னொன்று. கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) குறைவாக இருக்கிறது, லேசாகச் சளி இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கவுன்டைக் கொஞ்சம் தாழ்வாகவே வைத்திருப்பதுதான் இந்த மருந்தின் வேலை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் பொறுப்பு. கொடுக்க வேண்டிய மாத்திரையில் நூற்றுக்கு 95-க்குக் கீழே போனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதத்துக்கு 2 நாள் விட்டாலே 95-க்குக் கீழே வந்துவிடுவீர்கள். பிள்ளை ஓடியாடி விளையாடும் இந்தக் காலத்தில்தான் வீடுகளில் கை தளர்கிறது.

இரவு 10 மணிக்குக் காய்ச்சல் 100.6. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியே செய்தோம். சரியா?
— குறிஞ்சிப்பாடி வாசகர்

சரியில்லை. இனி அப்படிச் செய்யாதீர்கள். 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கிளம்ப வேண்டியதுதான், மணி என்னவானாலும். வெள்ளை அணு குறைந்த பிள்ளைக்குக் கிருமி ரத்தத்தில் ஏறினால், காலைக்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும் என்பதே கணக்கு. அளந்து எழுதாமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. ஸ்டீராய்டு சாப்பிடும் வாரங்களில் காய்ச்சலே தெரியாமலும் போகும். பிள்ளை துவண்டு கிடந்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ தெர்மாமீட்டரை நம்பி உட்காராதீர்கள்.

உங்கள் ஊரிலிருந்து ஜிப்மர் இருக்கும் கோரிமேடு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே இப்போதே டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்: நோயின் பெயர், முதல் டோஸ் எந்த மருந்து, எவ்வளவு. வழியில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் அந்த முதல் டோஸைப் போட்டுக்கொண்டு போவதா, நேராக வருவதா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். வண்டி இல்லையென்றால் 108. அக்கம்பக்கத்து கிளினிக்கில் இடுப்பில் ஊசி வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருந்தால் உள்ளே ரத்தம் கட்டும். ஐபுப்ரோஃபென் கலந்த மருந்தும் ஆசனவாய் வழி மருந்தும் கூடாது.

வாசல் ஆணியில் ஒரு பை எப்போதும் தொங்கட்டும்: டிஸ்சார்ஜ் சீட்டின் நகல், கடைசி கவுன்ட், தெர்மாமீட்டர், இரண்டு செட் துணி, சார்ஜர், கொஞ்சம் ரொக்கம்.

எதிர் வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. என் மகள் முந்தின நாள்தான் அங்கே விளையாடினாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டுமா?
— தேவனாம்பட்டினம் வாசகி

இன்றே சொல்லுங்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை பரவும். ஒட்டியவர்களுக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கீமோவில் இருக்கும் பிள்ளைக்கு அது நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போகக்கூடியது. தடுக்க மருந்து உண்டு, ஆனால் நாள் கடந்தால் பலன் குறைவு. முதல் 4 நாளுக்குள் போனால் நல்லது. வார்டுக்குள் நேராக நுழையாமல் முதலில் போனில் சொல்லுங்கள், மற்றப் பிள்ளைகளும் அங்கே படுத்திருக்கிறார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவதில் எங்களுக்கு ஆட்சேபமே இல்லை. உள்ளே வராதே என்று ஊருக்குச் சொல்லும் நல்ல பலகை அது. அம்மையை வெளியே சொல்லக் கூடாது என்று மூடி வைப்பதில்தான் சிக்கல்.

வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குப் போலியோ சொட்டு மருந்து வேண்டாம், ஊசி போதும். வீடு தேடி வருபவரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுங்கள்.

மூத்தவளுக்கு 11 வயது. நெல்லிக்குப்பத்தில் ஆயா வீட்டில் விட்டிருக்கிறோம். இப்போது போனில்கூடப் பேசுவதில்லை.
— புதுச்சேரி முகவரியில் ஒரு தந்தை

அவளிடம் நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறீர்களா? 'தம்பிக்குக் காய்ச்சல்' என்று நிறுத்தியிருந்தால், மீதியைக் கற்பனையில் அவளே நிரப்பிக்கொள்வாள். நான் தள்ளிவிட்டதால் வந்ததா, எனக்கும் ஒட்டுமா, செத்துப்போவானா: இந்த வயதில் இந்த மூன்றும் உள்ளே ஓடும். ஒட்டாது, யார் செய்ததாலும் வரவில்லை, மருந்து நடக்கிறது என்று நேரில் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பொய்யான உறுதி வேண்டாம். 'டாக்டர் என்ன சொன்னாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன்' என்று சொன்னால் போதும்.

'இரண்டு நாளில் வந்துவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்ததுதான் அவளுக்கு வலித்திருக்கும். நாள் சொல்லாதீர்கள்; நேரம் சொல்லுங்கள். இரவு 8 மணி என்றால் 8 மணிக்கு அழைப்பு போக வேண்டும், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும். வாரத்தில் ஒரு வேளை நீங்கள் மட்டும் போய் அவளோடு இருங்கள், அந்த நேரத்தில் தம்பி பேச்சே எடுக்க வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.

அவள் வீடு வரும்போது இன்னொன்று நடக்கும். ஸ்டீராய்டு வாரத்தில் தம்பி இரவு 2 மணிக்கு எழுந்து சாம்பார் சாதம் கேட்டு அழுவான், தட்டைத் தள்ளுவான், நீங்கள் எழுந்து சூடாக்கிக் கொடுப்பீர்கள். அவள் காலையில் இரண்டாவது தோசை கேட்டதற்கு ஒரு அதட்டல் விழும். மருந்து படுத்தும் பாடு இது, வாரம் முடிந்தால் அடங்கும் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் ரோடு அடைபட்டால் என்ன செய்வது?
— மஞ்சக்குப்பம் வாசகர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்ததையும், பின்னாலேயே தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் பார்த்தவர் நீங்கள். செப்டம்பர் ஓ.பி.யிலேயே கேட்டு, 15 நாள் மாத்திரையைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் படாத மூடி டப்பாவில், பரண் உயரத்தில். ரத்தப் பரிசோதனையைக் கடலூரிலேயே எடுத்து, முடிவைப் படமாக அனுப்பலாமா என்று முன்பே பேசி வையுங்கள். தண்ணீர் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். ஊசி நாள் நெருங்கும்போது புயல் எச்சரிக்கை வந்தால், பாலம் திறந்திருக்கும்போதே முந்தின நாள் கிளம்பி புதுச்சேரி நகரத்துக்குள் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து கோரிமேட்டுக்கு ஆட்டோவாவது கிடைக்கும்.