கையளித்த நாளுக்குப் பிறகு: வணிக மென்பொருள் பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் கடைகளுக்கும் மீன் வாடிகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதுவதே என் தொழில். மென்பொருளை ஒப்பந்த வேலையாகப் பார்க்காமல் ஒரு தயாரிப்பாகப் பார்ப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கான பதில்கள் இவை.

உவர்மலையிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, இரண்டிலும் எழுதுவது அதே நிரல்தானே? வேறுபாடு எங்கே இருக்கிறது?

நிரல் ஒன்றுதான், தம்பி. வேலை எப்போது முடிந்ததாகக் கொள்கிறோம் என்பதே வேறு. ஒப்பந்த வேலையாக நினைப்பவருக்குக் கையளிக்கும் திகதியோடு பொறுப்புத் தீர்ந்துவிடுகிறது. தயாரிப்பாக நினைப்பவருக்கு அன்றுதான் பொறுப்புத் தொடங்குகிறது. பெறுமதி சேர் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்ட அந்த வரி, 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. 8 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதிக் கொடுத்தவர்கள் ஒவ்வொரு தடவையும் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. வீதத்தையும் அது நடைமுறைக்கு வரும் திகதியையும் ஓர் அட்டவணையில் சேர்த்து வைத்தவர்களுக்கோ, புதிய பதிவொன்றை இடுவதோடு வேலை முடிந்தது. 2023 டிசம்பரில் 15 வீதத்தோடு விற்ற பொருள் அடுத்த மாதம் திரும்பி வந்தபோது, பழைய வீதத்திலேயே கழித்துக் கொடுக்கவும் அவர்களுடைய மென்பொருளுக்குத் தெரிந்திருந்தது.

சாம்பல்தீவிலிருந்து ஒரு நிரலாளர்: முதலாளியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எழுதினோம். அப்படியிருந்தும் ஊழியர்கள் அதைத் தொடுவதே இல்லை. எங்கே பிழைத்தது?

முதலாளியிடம் கேட்டீர்கள், ஊழியர் பக்கத்தில் இருந்து பார்த்தீர்களா? இதே பிழையை நானும் விட்டிருக்கிறேன். ஒரு மீன் வாடிக்கு நிறை பதியும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். வாடி முதலாளியான சம்மாட்டியார் கேட்டபடி மீனின் இனம், நிறை, விலை, படகு, கொள்வனவாளர், ஐஸ் செலவு, குறிப்பு என்று ஏழு கட்டங்கள் வைத்தேன். அவரும் பார்த்துத் திருப்திப்பட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அங்கே போய் நின்றேன். தராசடியில் நின்ற பிள்ளை சூரையையும் பாரையையும் நிறுத்து, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, சீஆர் கொப்பியில் பென்சிலால் இனத்தையும் நிறையையும் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். கணினி பொலித்தீன் உறைக்குள் கிடந்தது. மீன் வந்து குவியும் அந்த அரைமணி நேரத்தில் ஏழு கட்டங்களை நிரப்ப எவராலும் முடியாது. ஆகவே பின்னேரம் கொப்பியைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி தட்டினார்கள். மென்பொருள் அவர்களுடைய வேலையைக் குறைப்பதற்குப் பதிலாக இரட்டித்திருந்தது.

பிறகு அந்த ஏழு கட்டங்களைத் தூக்கிவிட்டு இரண்டை வைத்தேன்: மீன் இனங்களுக்குப் பெரிய பொத்தான்கள், நிறைக்கு ஒரு கட்டம். படகின் பெயரை ஒரு தடவை தெரிவு செய்தால் போதும். மிச்சத்தை அலுவலகத்தில் ஆறுதலாக நிரப்பலாம். டொயோட்டா தொழிற்சாலைகளில் ‘கென்ச்சி கென்புட்சு’ என்றொரு வழக்கம் உண்டு. சிக்கல் நிகழும் இடத்துக்கே போய்க் கண்ணால் கண்ட பின்னர் முடிவெடுப்பது அது. எனக்கு அதைக் கற்பித்தது அந்தத் தராசடிதான்.

கிண்ணியாவிலிருந்து ஒரு சிறு நிறுவன உரிமையாளர்: ஒவ்வொரு வாடிக்கையாளரும் தமக்கென்று ஒரு மாற்றம் கேட்கிறார். மறுத்தால் போய்விடுவாரே?

மறுக்கச் சொல்லவில்லை, கேட்டதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன். கேட்பவர் தமக்குத் தோன்றிய தீர்வைச் சொல்கிறார், அதன் பின்னால் இருக்கும் சிக்கலை நாம்தான் விசாரித்து அறிய வேண்டும். ஓர் அரிசிக் கடைக்காரர் பதினொரு நெடுவரிசைகள் கொண்ட கடன் அறிக்கை வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமை யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று தெரிந்தால் போதும் என்றார். முப்பது நாள் கடந்த கடன்காரர்களின் பெயர், இலக்கம், தொகை மட்டும் உள்ள பட்டியலைக் கொடுத்தேன். மற்றக் கடைகளும் இப்போது அதைத்தான் அதிகம் திறக்கின்றன. ஆளுக்கொரு பிரதி எழுதிக் கொடுத்திருந்தால், ஒரு வழுவைத் திருத்த ஒவ்வொரு பிரதியாகத் திறக்க வேண்டி வந்திருக்கும்.

நிலாவெளியில் ஒரு விடுதிப் பணியாளர்: எங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் மென்பொருளுக்கும் இது பொருந்துமா?

கட்டாயம் பொருந்தும். கடைக்காரர் பிடிக்காவிட்டால் வேறொன்றை வாங்குவார். உங்கள் வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. சீசன் தொடங்குவதற்கு முன், ஒரு பதிவுக்கு அவருக்கு எத்தனை நிமிடம் செல்கிறது என்று அளந்து வையுங்கள்.

பாலையூற்றிலிருந்து ஒரு தங்கை: ஐயா, பணத்தை ஒரே தடவையில் வாங்குவதா, ஆண்டுச் சந்தாவா?

சந்தாதான், தங்கச்சி. ஒரே தடவையில் வாங்கினால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் உங்களுக்கு நட்டமாகிறது. நாளடைவில் அழைப்பை எடுக்கவே மனம் வராது. சந்தா கட்டுபவர் அடுத்த ஆண்டும் தொடர வேண்டும் என்றால் அவருடைய வேலை இலகுவாக வேண்டும் என்பதால், உங்கள் கவனமும் அங்கேயே நிற்கும். ஆனால் ஒன்றை ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுதுங்கள்: சந்தாவை நிறுத்தினாலும் அவருடைய பழைய கணக்குகளைப் பார்க்கவும், முழுவதையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியும் என்று. அந்தத் தரவு அவருடையது.